செம்பட்டைக்காரியின் உதை

அந்த டிவி கேம் கேசட்டின் அட்டைப்பெட்டி மேலிருந்த படத்தை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். செம்பட்டை முடி பறக்க ஒரு பெண் காலைத் தலைக்கு மேல் தூக்கி உதைப்பாள். சுற்றிலும் ஆண்கள் விழுந்து கிடப்பார்கள். அப்படி ஒருத்தியை நான் அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

1996 கோடை. எனக்குப் பதிமூன்று வயது. வருஷாவருஷம் முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மா செல்வம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு மீன்சுருட்டியிலிருந்து அரியலூருக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போவாள். விருந்தாடப் போவதாகத்தான் ஊரில் சொல்லிக்கொள்வோம். வெள்ளைச்சாமி மாமா சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அத்தை வீட்டு வேலைக்காரிக்கு லீவு கொடுத்துவிடுவாள். மாவாட்டுவது, வடகம் போடுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அம்மாதான்.

மாமாவின் மகன் அறிவரசன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனிடம் டிவி கேம் இருந்தது. அந்த வருஷம் திருச்சியிலிருந்து புதுச் சண்டை கேசட் வந்திருக்கிறது என்று சொல்லி, வெறும் அட்டைப்பெட்டியை மட்டும் காட்டினான். கேசட்டை நண்பன் வாங்கிப் போயிருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை வருமாம்.

"இந்தப் பொம்பளைய நீ எடுத்துக்க பரிமளா. ஒன்னய ஒருத்தனும் அடிக்க முடியாது" என்றான்.

அந்த வாரம் முழுக்க நான் அவளாகவே நடந்தேன். துணி காயப்போடும்போதுகூட கொடிக்கம்பத்தை ஒரு உதை விட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா சுட்ட பலகாரத்தைத் தட்டுத்தட்டாகத் தின்றபடி அவனுடைய நண்பர்கள் கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். அறிவரசன் கேசட்டை ஊதிச் செருகினான். பெட்டியில் அத்தனை பேர் இருந்தார்களே, திரையில் நான்கு பேர்தான் வந்தார்கள். நான்கும் ஒரே உடம்பு, தலையும் சட்டை நிறமும் மட்டும் வேறு. பாட்டு, தகர மூடியைத் தரையில் இழுப்பதுபோல ஒலித்தது. என் செம்பட்டைக்காரியோ நாற்று நடுகிறவள் சேற்றில் காலைப் பிடுங்குவதுபோல நடந்தாள். மனசு விட்டுப்போனது. ஆனாலும் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன்.

"தோத்தவங்க எல்லார் தட்டையும் எடுத்துக் கழுவணும்" என்றான் அறிவரசன். அவன் ஒரு மொட்டையனை எடுத்துக்கொண்டான்.

நான் உதைத்தேன். அவளுடைய கால் மொட்டையனின் வயிற்றுக்குள் புகுந்து முதுகுப் பக்கம் வெளியே வந்தது. அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுபடி உதைத்தேன். புகைக்குள் காலை விட்டதுபோல இருந்தது. அவன் அடித்த அடியெல்லாம் எனக்கு விழுந்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கேசட்டை முந்தின நாளே அவர்கள் நண்பன் வீட்டில் ஆடிப் பார்த்திருந்தார்கள் என்பதும், அவளுடைய உதை யார் மீதும் படாது என்று அத்தனை பேருக்கும் தெரியும் என்பதும் அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது.

தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தபோது அறிவரசன் சொன்னான்: "ஒங்கம்மாவுக்குப் பழக்கந்தான. ஒனக்கும் பழகட்டும்."

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். அம்மா சமையல்கட்டு வாசலில்தான் நின்றாள். என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் நான் மாமா வீட்டுக்குப் போகவில்லை.

அறிவரசன் இன்ஜினியரிங் படிக்கப் போனதும், பழைய புடவைகளோடு அந்த டிவி கேமையும் கேசட்டையும் மூட்டை கட்டி எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள் அத்தை. நான் ஆசையாக எடுத்துவைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அப்பா நினைத்தார். எனக்கு அந்த ஆட்டம் துளியும் பிடிக்காது. இருந்தும் ஆடினேன். அரியலூர் காலேஜில் கணக்குப் படித்தபோதும், ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போன பிறகும், லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். உதைதான் படாது, குனிந்து குத்தினால் படும் என்று கண்டுபிடித்தேன். அதைவிட முக்கியமாக இன்னொன்று: மொட்டையன் எகிறும்போது அடியில் குனிந்து குத்தினால், திரையின் ஓரத்தில் பல்லிபோல ஒட்டிக்கொள்வான். ஆட்டத்தில் உள்ள கோளாறு அது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மீளமாட்டான்.

2006 ஆவணியில் மாமா வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அறிவரசன் சென்னையில் வேலையில் இருந்தான். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது.

"முறைப்பொண்ணு இருக்கையில வெளியில எதுக்குத் தேடணும்?" என்றார் மாமா.

"வெளியில எடுத்தா மதிக்க மாட்டாளுவ. இவள்னா நம்ம வூட்டு வேலயெல்லாம் தெரிஞ்சவ" என்றாள் அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் டிவி கேமை எடுத்துவந்து டிவியில் மாட்டினேன்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்பறம் பேசுவமா மச்சான்?"

அறிவரசன் சிரித்தான். "அட, இது இன்னும் இருக்கா? ஆடுவோமே."

"தோத்தவங்க தட்டு எடுக்கணும். ஞாபகம் இருக்கா?"

"அப்படியா? சரி, அதுக்கென்ன."

அவனுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. அவன் மொட்டையனை எடுத்தான். நான் செம்பட்டைக்காரியை எடுத்தேன். எடுத்த எடுப்பில் இரண்டு உதை வாங்கிக்கொண்டு, அவன் உற்சாகமாக எகிறும்வரை காத்திருந்தேன். எகிறினான். குனிந்து குத்தினேன். மொட்டையன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான். திரைக்கு மேலே அவன் உயிரைக் காட்டும் கோடு தீரும்வரை நிதானமாகக் குத்தினேன்.

"இது வேல செய்யல" என்றான் பொத்தான்களை அமுக்கியபடி.

"எனக்குந்தான் அன்னிக்கி வேல செய்யல."

ஜாய்ஸ்டிக்கை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடினான். மறுபடியும் ஒட்டினான். அவன் காது சிவந்துவிட்டது. நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

"தட்ட எடுங்க மச்சான்."

"என்னாடி பேசுற?" என்றாள் அத்தை.

"விளையாட்டுக்குச் சொன்னதும்மா அது" என்றான் அவன், அவளைப் பார்த்து.

"நானும் வெளையாடித்தான் செயிச்சேன்" என்றேன்.

மாமா தொண்டையைச் செருமினார். அப்போது சுவரோரம் நின்ற அம்மா, சாதாரணமாக, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்: "பந்தயம் பந்தயந்தான் தம்பி. குழாய் கொல்லைப்பக்கம் இருக்கு."

அவன் எழுந்தான். இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துக்கொண்டு, தன் அப்பாவின் தட்டை, அம்மாவின் தட்டை, என் தட்டை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். நான் கூடவே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவன் குந்தி உட்கார்ந்து தேய்ப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். அந்தப் பத்து வருஷத்தில் எதுவும் எனக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

"கல்யாணத்துல எனக்கு இஷ்டம் இல்ல. நீங்களே உள்ள போயிச் சொல்லிடுங்க" என்றேன்.

வேனில் ஏறும்போது மாமா அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பொங்கலுக்கு அவரிடமிருந்து சீர் வரவில்லை. அம்மா ஜெயங்கொண்டத்தில் தானே ஒரு புடவை எடுத்துக்கொண்டாள். இந்த வைகாசியில் அறிவரசனுக்குப் பெரம்பலூரில் கல்யாணம் நடந்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்குப் பத்திரிகை வந்தது, எங்களுக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணனை நினைக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் செய்ததற்காக இல்லை.

"ஒனக்கு வருத்தமாம்மா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? கூடப்பொறந்தவன்." கொட்டையை ஓங்கி ஒரு போடு போட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆனா அவன் கழுவுன தட்டுல எண்ணெப் பிசுக்கு போவவே இல்லடி. நாந்தான் மறுபடி கழுவுனேன். ஒரு தட்டு கழுவத் தெரியல, இன்ஜினியராம்."

இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.