சுருட்டுப் பெட்டியின் குரல்

ரம்பம் பாதி வட்டத்தில் சிக்கிக்கொண்டது. மணி மூன்று இருபது. நாலு மணி பஸ்ஸில் அண்ணன் வருகிறான்!

"மெதுவா இழு சின்னண்ணா. அது நான் துணி வெட்டற மேஜை, விறகுக் கடை இல்ல" என்றாள் தங்கை. அவளுடைய தையல் கடையின் பின்னறை. வாயில் நாலு குண்டூசி இருந்தாலும் அவளுக்குப் பேச்சு மட்டும் நின்றதே இல்லை.

இழுத்தேன். சுருட்டுப் பெட்டியின் மூடியில் வட்டத் துளை விழுந்தது. குப்பென்று புகையிலை வாசனை. அப்பா சுருட்டுக் கம்பெனி வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீடு முழுக்கப் பரவுமே, அதே வாசனை.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது, அண்ணனுக்குப் பதினைந்து. அப்பா கொண்டுவந்த காலிப் பெட்டியில் துடைப்பக் கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டிக் கிடார் செய்தோம். மூடியில் துளையிட்டு, சத்தம் பெரிதாக ஓர் அலுமினியக் கிண்ணம். அதை மறைக்க ஒரு சல்லடை மூடி. முதல் நாள் தகர டப்பா மாதிரி இருந்தது. மறுநாள் காலை... பாடியது! மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து அண்ணன் கண்ணாடிப் பாட்டிலைக் கம்பியில் இழுத்தால், எதிர் வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

அந்தச் சத்தத்துக்கு யார் காரணம்? கம்பிக்கு அடியில் நான் தேய்த்து வைத்த மரத்துண்டு என்றேன் நான். தான் முறுக்கிய கம்பி என்றான் அவன். வீடு மாறியதில் பெட்டி எங்கோ போய்விட்டது, சண்டை மட்டும் போகவில்லை. இந்தக் கடையைத் திறந்த அன்று, நாலு பேர் முன்னால் அவனை "ஞான சூனியம்" என்றேன். பன்னிரண்டு வருடம் பேச்சில்லை.

அதே மாதிரி இன்னொன்று செய்து வைக்கிறேன் என்று நான் சொல்ல, போன வாரம் தங்கைதான் தூது போனாள். "அதே சத்தம் வந்தா உட்காருவேன். வரலேன்னா அடுத்த பஸ்" என்றானாம்.

கிண்ணத்தைப் பொருத்தி, சிறுவயதில் செய்தது போலவே ஆறு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரன் நான். ஆடுகிற எதையும் விட்டுவைக்க மாட்டேன். மரத்துண்டு, சல்லடை மூடி, கம்பி. தட்டினேன்.

டொக்.

வாசலில் செருப்புச் சத்தம். அண்ணன்! தலை முழுக்க வெள்ளை. பையைக் கீழே வைக்காமலே கிடாரை வாங்கி, பாட்டிலால் ஒரு இழுப்பு இழுத்தான்.

"இந்த டப்பாவைக் கேக்கவாடா என்னை வரவழைச்சே?"

"கம்பி சரியில்லண்ணே..."

"உன் கட்டை சரியில்லேன்னு சொல்லு!"

பையைத் தோளில் மாட்டினான். இன்னொரு பன்னிரண்டு வருடம் எங்கள் இருவருக்கும் ஏது?

தங்கை குண்டூசிகளைத் துப்பினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வந்தது. கம்பிகளைத் தளர்த்தினாள். சல்லடை மூடியைத் தூக்கினாள். கிண்ணத்தின் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி மேஜையில் போட்டாள். மூடியை மாட்டி, கம்பியை முறுக்கி, கிடாரைப் பெரியண்ணன் கையில் திணித்தாள்.

அவன் இழுத்தான்.

அறை நிறைந்தது. நீளமாக, ஈரமாக, கொஞ்சம் அழுகையோடு... அதே குரல்! அண்ணன் அப்படியே துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பை தோளிலிருந்து நழுவியதை அவன் கவனிக்கவில்லை.

"கிண்ணத்தை இறுக்கினா ஊமையாயிடும். கம்பி அழுத்தத்துலயே அது சும்மா உட்கார்ந்திருக்கணும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் குண்டூசிகளைப் பொறுக்கினாள்.

"திட்டக் கூடாது. கிடார் செஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் பந்து விளையாடப் போனீங்க. என் முகம் பாக்கற கண்ணாடியைச் சுவத்துல மாட்ட வீட்டுல ஒரு ஸ்க்ரூ கிடைக்கல. உங்க கிடாரைப் பிரிச்சு ஆறையும் எடுத்துக்கிட்டேன்."