விட்டுப்போன பல்

பல் மருத்துவரின் மனைவி ஊசியும் நூலும் கொண்டு படம் போடுகிறவள். தூரிகையைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தன் முதல் தனிக் கண்காட்சிக்காக ஒரு பழைய கட்டில் விரிப்பை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் ஆளுயரத்துக்குத் தன் கணவரையே தைத்திருந்தாள். விஷயம் அவருக்குத் தெரியாது.

தெரிந்தால் விடுவாரா? படத்தில் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் மல்லாந்து கிடந்தார். பனியன் வயிற்றுக்கு மேல் சுருண்டிருந்தது. வாய் ‘ஆ’வென்று திறந்திருந்தது. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர் தன் வாயைத் திறப்பது தூக்கத்தில் மட்டும்தான். அதை விட மனசில்லாமல், அவர் குறட்டை விடும் நேரம் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டு, அவர் கிளினிக் போனபின் தைத்தாள். தாடி முள்முள்ளாகத் தெரியச் சின்னச் சின்ன முடிச்சுகள். உதட்டுக்குச் சங்கிலித் தையல். வாய்க்குள்ளே போகப் போக இருட்டும் சிவப்பு நூல்கள்.

படம் மாட்டும் நாளில் ஒத்தாசைக்கு வந்த நாத்தனார், மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் வாயில் எதுவும் தங்காது. படத்தைச் சுவரில் ஏற்றிய கையோடு தம்பிக்குப் போன் போட்டாள்.

அவர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் மருந்துப் பையோடு வந்து நின்றார். நாளைக்கு அவருடைய நோயாளிகளில் பலர் கண்காட்சிக்கு வருவார்கள். எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுவது என்று மனைவி முடிவுசெய்தாள். ஆனால் அந்தப் பெரிய சுவருக்கு அவளிடம் வேறு படமில்லை.

அவர் கிட்டே போனார். விலகி வந்தார். மறுபடி கிட்டே போய், ஏணியில் ஏறித் தன் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்தார்.

“மேல் வரிசையில கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லைக் காணோமே,” என்றார்.

“தள்ளி நின்னு பார்த்தா தெரியாதுங்க.”

“என்கிட்ட வர்றவங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. சொந்தப் பல்லையே கவனிக்காத ஆளுகிட்ட நாம எப்படி வாயைக் காட்டுறதுன்னு கேப்பாங்க.”

பனியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிம்மதி வந்த வேகத்தில் அவளுக்குக் கோபமும் வந்தது. இது படம், எக்ஸ்ரே இல்லை என்று வாதாடிப் பார்த்தாள். சட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது, இனிப் பின்பக்கம் கை நுழையாது என்றும் சொன்னாள். அவர் பையைத் திறந்து ஈறு தைக்கும் வளைந்த ஊசியை எடுத்தார். முன்பக்கமாகவே குத்தி முன்பக்கமாகவே வாங்கலாம். நூலை மட்டும் அவளிடம் கேட்டார்.

முடிச்சுப் போடாமல் நூலை அடுத்தடுத்துப் படுக்க வையுங்கள் என்று அவள் கீழேயிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தாள். பழகிய கை கேட்கவில்லை. ஒவ்வொரு தையலையும் முடிச்சிட்டு வெட்டினார். பல் புடைத்துக்கொண்டு நின்றது. பிரித்துவிடலாமா என்று அவளுக்குக் கை அரித்தது. அவர் இறங்கிவந்து பல்லை நிமிர்ந்து பார்த்தபோது முகத்திலிருந்த பெருமையைக் கண்டதும் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மறுநாள் வந்தவர்கள் தூரத்திலிருந்து சிரித்தார்கள். கிட்டே வந்ததும் அந்தப் பல்லையே அண்ணாந்து பார்த்தார்கள். ஓவியக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், அது மட்டும் ஏன் இப்படி உயிரோடு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கேட்டார்.

“அது என் வேலை இல்லைங்க. அவரோடது,” என்று கணவரைக் கை காட்டினாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் பல்லை விளக்கினார். நெடுநாளாகச் சிகிச்சைக்கு டிமிக்கி கொடுத்துவந்த ஒருவர், டாக்டரை இந்தக் கோலத்தில் பார்த்தபின் பயம் விட்டுப்போயிற்று என்று சொல்லித் திங்கட்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்.

கண்காட்சி முடிந்ததும் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வாங்கிவந்தார். கீழ்த்தாடையைத் தைக்கிறாராம். இப்போது ஒரே மேசையின் இரு முனையில் இருவரும் உட்காருகிறார்கள். வீட்டில் சண்டையெல்லாம் கத்தரிக்கோலுக்குத்தான்.