பத்திரமாக வைத்த திருகு

கடையில் கண்டபடி இறைந்து கிடந்ததெல்லாம் கைக்குக் கிடைத்தது. பத்திரமாக எடுத்து வைத்த ஒன்றைத்தான் காணவில்லை.

தையல் மெஷின் மெக்கானிக்கின் மேஜை எப்போதும் கலைந்துதான் கிடக்கும். ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வேண்டிய ஊசி வரும், வேண்டிய பெல்ட் வரும். டெய்லரம்மாவின் மெஷினிலிருந்து நேற்றுக் கழற்றிய கடுகளவு திருகு மட்டும் வர மறுத்தது. கீழ்நூல் உருளை உட்காரும் பாபின் கேஸின் மேல் உள்ள மெல்லிய தகட்டை அழுத்திப் பிடிப்பது அதுதான். தகடு அழுத்தினால்தான் கீழ்நூல் இறுக்கமாக வரும். இல்லையென்றால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். மெஷினோ பழைய மாடல், மாற்றுத் திருகு கிடைக்காது.

டெய்லரம்மா மத்தியானமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலைக்குள் நாற்பது பள்ளிச் சீருடைகள். தவறினால் அந்தப் பள்ளிக்கூடத்து வேலையே கைநழுவிவிடும்.

"பத்திரமா இருக்குன்னு நேத்து சொன்னீங்களே அண்ணே?"

"பத்திரமாத்தாம்மா இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

உள்ளேயிருந்து வந்த மனைவி, இந்த மனுஷன் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் பொருளைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான் என்றும், வீட்டின் மாற்றுச் சாவி பத்திரமாகி மூன்று வருஷம் ஆகிறது என்றும் டெய்லரம்மாவிடம் சாட்சி சொன்னார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, பத்திரம்னா எதுகிட்டேருந்து? திருடனுக்குப் பயந்தா வெச்சீங்க?"

"இதைத் திருட எவன் வரப்போறான்? உன் துடைப்பத்துக்குப் பயந்துதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே பொறி தட்டியது. துடைப்பத்துக்குப் பயந்தால் உயரத்தில்தான் வைத்திருப்பார். உருண்டு விழாமல் இருக்க மூடி வேண்டும். யார் கையும் படாமல் இருக்க, யாருமே திறக்காத மூடியாக வேண்டும். சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு மெத்தையில் நோயாளி போலப் படுத்திருந்தது திருகு. பக்கத்துப் படுக்கையில், பஞ்சைப் போர்த்திக்கொண்டு, வீட்டின் மாற்றுச் சாவி.

திருகு ஏறியது, தையல் நேராக ஓடியது. டெய்லரம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "துடைப்பத்துகிட்டேருந்து காப்பாத்திட்டீங்க. உங்க மறதிகிட்டேருந்து யாருண்ணே காப்பாத்துறது?"

மெக்கானிக் அதை விடாமல் யோசித்தார். இப்போதெல்லாம் எந்த மெஷினிலிருந்து எதைக் கழற்றினாலும், அதை ஒரு குட்டிப் பையில் போட்டு, அதே மெஷினின் கைச்சக்கரத்தில் நூலால் கட்டிவிடுகிறார். மெஷின் இருக்கும் இடத்தில் திருகும் இருக்கிறது.