சூசையப்பருக்குக் கொடுத்துவிட்ட மெழுகுவர்த்திகள்

எண்பத்திரண்டு வயதில் எனக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை, சாவும் இல்லை. நல்ல மரணம் கேட்டுப் புதன்கிழமை தவறாமல் கோயிலில் சூசையப்பர் சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவந்தேன். முழங்கால் மடங்காமல் போனதும், போன வருஷத்திலிருந்து என் பேருக்கு ஏற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் வாராவாரம் கொடுத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் சாளைமீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் படுத்த ரெஜினா எழுந்திருக்கவேயில்லை. வலியில்லை, ஆஸ்பத்திரியில்லை. நான் கேட்ட சாவு அது.

பெட்டிக்குள் சிரித்த முகமாகக் கிடந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏளா கள்ளி, என் மெழுகுவர்த்திய உன் பேருக்கு ஏத்திட்டியா!" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் கத்தினேன்.

அவள் மருமகள் ஸ்டெபி என்னை உள்ளே கூட்டிப்போய், கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். டின் நிறைய என் மெழுகுவர்த்திகள். ஒன்றில்கூடத் திரி கருகவில்லை.

"ஏத்தவேயில்ல மாமி. 'அவ போயிட்டா நான் யார்கூட சண்ட போட'ன்னு அத்த சொல்லுவாவ."

டின்னைத் தூக்கிக்கொண்டு பெட்டியருகே வந்தேன். சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

"என்னைய மட்டும் போகவிடாம பிடிச்சு வச்சிட்டு, நீ போயிட்டியேளா!"