சாக்குக்கு வெளியே இரண்டு பாதங்கள்

"இந்தக் கட்டுல ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. எல்லாம் பரீட்சை கைடு."

"அடியில பாரு தாயி. ஒரு வீட்டக் காலி பண்ணுனாங்க. பொம்மப் புஸ்தகமாக் கெடந்துச்சு. உனக்குன்னுதான் பிரிக்காம வச்சிருக்கேன்."

மாதுரி தரையில் உட்கார்ந்து சணலை அவிழ்த்தாள். ஓவியக் கல்லூரியில் படிக்கிற பெண். சனிக்கிழமை மத்தியானமானால் முத்துராமலிங்கத்தின் பழைய பேப்பர் கடைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு வேண்டியது படக்கதைப் புத்தகங்கள். கல்லூரியில் நிழலைப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்து வரவழைக்கச் சொன்னார்கள். இந்தப் புத்தகங்களிலோ கறுப்பு மையை அப்படியே கொட்டிவிட்டு, ஒரு கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டிருப்பார்கள். அந்த வெள்ளையைப் பார்த்தால் முதுகு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பைத் தானும் வரவழைக்க வேண்டும் என்றுதான் ஒரு பயங்கரக் கதை வரைய ஆரம்பித்திருந்தாள்.

கதையில் ஒரு சாக்குக்காரன். அவனுக்கு முகம் கொடுத்தவர் முத்துராமலிங்கம். "வில்லன்னா மீசையக் கொஞ்சம் தூக்கி வரை, தாயி" என்று சாக்கைத் தோளில் போட்டு நின்று கொடுத்தார். சாக்கின் வாயிலிருந்து இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதாக அவள் வரைந்தாள். குழந்தையைக் காட்டவில்லை. காட்டாததுதான் பயம் என்பது அந்தப் புத்தகங்களிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட பாடம்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய பிரதி ஒன்று கேட்டு வாங்கிக் கடை வாசலில் ஒட்டினார். அடியில் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: 'இங்கு எல்லாம் எடுக்கப்படும்.'

"கமுதியிலேருந்து பொழைக்க வந்தவன் எவனுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில இப்பிடி ஒரு படம் இருக்கு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

தெருவில் யாரோ "அம்மூ, அம்மூ" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"யார அண்ணாச்சி தேடறா?"

"பக்கத்துத் தெரு ஸுப்ரியாம்மா புள்ள அம்முவக் காணோமாம். டியூஷன் விட்டு வரலையாம். நானும் முக்கு வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

கூப்பிடுகிற குரல்கள் கூடின. பிறகு கூப்பிடுவது நின்று, வேறு மாதிரிச் சத்தம் வந்தது. பல கால்கள் ஒரே பக்கமாக வருகிற சத்தம்.

"இவன் தன்னே. படத்துல உள்ள ஆளு இவன் தன்னே."

தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது. முத்துராமலிங்கம் எம்பி ஷட்டரை இழுத்துக் கீழே விட்டு, உள்தாழ்ப்பாள் போட்டார். கடை இருண்டது.

"துறக்கடா. குட்டி எவிடே?"

பிள்ளை எங்கே என்று கேட்டுக் கேட்டு ஷட்டரை அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் பழைய பேப்பரிலிருந்து தூசி எழும்பியது.

"யாரு அண்ணாச்சி இது?" என்றாள் மாதுரி.

"ஹரிஷங்கர் கொரலு. ஆட்டோ ஸ்டாண்டு ஹரி."

"அவர் உங்களோட சாயா குடிக்கற ஆளல்லே?"

"இன்னிக்குக் காலையிலகூடக் குடிச்சான்."

மாதுரியின் கையில் போன் அதிர்ந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பிய படம். வாசலில் ஒட்டியிருந்த அதே படத்தை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். கீழே மலையாளத்தில் நாலு வரி.

"என்ன எழுதியிருக்கு, தாயி?"

"உங்களப் பத்தி."

"நல்லதாவா?"

பிள்ளை பிடிக்கிறவன், தமிழ்நாட்டுக்காரன், தன் கடையிலேயே படம் போட்டு வைத்திருக்கிறான், பார்த்தால் விடாதீர்கள். அவள் படித்துக் காட்டவில்லை. போனைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"பின்னால வழி இருக்கோ?"

"பின்னால குடோன் செவுரு."

"நான் வெளியில போய் நான் வரைஞ்சதுன்னு சொல்றேன்."

"வேண்டாம். உன்னையும் அடிப்பாங்க."

"நான் இவிடத்துக்காரி. என்னை அடிக்கமாட்டா."

இருட்டில் அவர் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தார். "ஆமா. அப்ப நீ போ" என்றார்.

ஷட்டர் முழங்கால் உயரம் தூக்கப்பட்டதும் அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். பின்னால் அது உடனே இறங்கியது. முதலில் தெரிந்தவை வேட்டிகளும் செருப்புகளும் ஒரு இரும்புக் குழாயும். எழுந்து நின்று வாசலில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"அது நான் வரைஞ்ச படம். கதைக்கு வரைஞ்சது."

"நீ வெங்கிடராமன் சாரோட மோளல்லே?" என்றான் ஹரிஷங்கர்.

"ஆமா, சேட்டா."

"அப்போ நீ கண்டோ? இவன் குட்டியைச் சாக்குல போடறது நீ கண்டோ?"

"காணல. கற்பனை."

"காணாம எப்படி வரைவே? மீசை, மூக்கு, எல்லாம் அவனோடதுதானே."

"அவளுக்குப் பயம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர், கனிவாக. "பேடிக்கண்டா மோளே, பயப்படாதே. எப்போ கண்டேன்னு மட்டும் சொல்லு. பாக்கிய நாங்க பாத்துக்கறோம்."

காப்பாற்ற வந்தவளை அவர்கள் சாட்சியாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். இனி எதைச் சொன்னாலும் அது உள்ளே இருப்பவர் மேல்தான் விழும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸுப்ரியா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. படத்தின் முன் குனிந்து அந்தப் பாதங்களை விரலால் தொட்டாள்.

"இது என் அம்முவோட காலா?"

"இல்ல, சேச்சி. என்னோட காலு. கண்ணாடியில பாத்து, சின்னதாக்கி வரைஞ்சது. பெருவிரலப் பாருங்கோ." மாதுரி செருப்பைக் கழற்றிக் காட்டினாள். படத்திலும் தரையிலும் பெருவிரல் ஒரே மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஸுப்ரியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதெல்லாம் கள்ளம். ஷட்டரப் பொளி" என்று உடைக்கச் சொன்னான் ஹரிஷங்கர்.

மாதுரி பையிலிருந்து தடித்த மார்க்கரை எடுத்தாள். "ஹரி சேட்டா, அசையாம நில்லுங்கோ."

"எதுக்கு?"

அவள் மூடியைக் கழற்றி ஷட்டரின் மேலேயே வரைய ஆரம்பித்தாள். தகர மடிப்பில் தட்டி முதல் கோடு கோணலாகப் போனது. அதையே அவனுடைய புருவமாக்கினாள். ஏறிய நெற்றி, உடைந்த முன்பல், காக்கிச் சட்டையின் பை. கன்னத்தை மையால் அடைத்து, ஒரு கண்ணை மட்டும் மை படாமல் விட்டாள். தோளில் ஒரு சாக்கு. சாக்கிலிருந்து இரண்டு பாதங்கள்.

ஷட்டரில் ஹரிஷங்கர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இப்ப நான் உங்களக் கண்டோ, சேட்டா?"

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல், படத்தையும் ஹரிஷங்கரையும் பார்த்தார். இரும்புக் குழாய் வைத்திருந்தவன் அவனை விட்டு அரை அடி நகர்ந்தான். கூட்டத்தில் இரண்டு மூன்று போன்கள் உயர்ந்து இறங்கின.

அப்போதுதான் ஸுப்ரியாவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அழுதாள். "கூடப் படிக்கற கூட்டுக்காரி வீட்டுக்கு, தோப்பும்படிக்குப் போயிருக்கா. பூனை குட்டி போட்டிருக்காம். பாக்கப் போயிருக்கா."

கூட்டம் கரைந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். குழாயும் போய்விட்டது.

"அண்ணாச்சி, அம்மு கிடைச்சாச்சு. திறங்கோ."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"ஹரி சேட்டன் மட்டும் இருக்கார்."

"அப்ப அடைச்சே கெடக்கட்டும்."

ஹரிஷங்கர் கைக்குட்டையில் எச்சில் தொட்டு ஷட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மை போகவில்லை. சட்டைப் பையில் போன் சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு அவளிடம் நீட்டினான்.

ஷட்டரில் இருந்த அவன் முகம். பக்கத்தில் அவன் ஆட்டோவின் நம்பர். கீழே அதே நாலு வரி. 'தமிழ்நாட்டுக்காரன்' என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

"இடக்கொச்சியிலேர்ந்து என் மச்சினன் அனுப்பியிருக்கான். இது எவிடே வரைக்கும் போகும், மோளே?"

"தெரியாது, சேட்டா."

சந்து முனையில் ஒரு பைக் நின்றது. முன்பின் தெரியாத மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் கையிலிருந்த போனைப் பார்த்தான். தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

ஹரிஷங்கர் ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு குனிந்தான்.

"அண்ணாச்சி. கொஞ்சம் திற. நானும் உள்ள வரேன்."

பைக்கில் வந்தவர்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"தாயி" என்றது முத்துராமலிங்கத்தின் குரல், மெதுவாக. "அவன் கையில கம்பு கிம்பு இருக்கா?"

"இல்ல, அண்ணாச்சி. போன் மட்டும்தான்."

தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"அத வெளியவே வச்சுட்டு வரச் சொல்லு."