தோப்புக்கெல்லாம் ஒரு தகப்பன்

எவாரிஸ்தோ ஏணியை மரத்தில் சாத்திவிட்டு ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மரங்களை ஆராயும் டாக்டரம்மா நீவெஸ் மூச்சிரைக்க மேடேறி வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"வெட்டாதீங்க! தயவுசெஞ்சு வெட்டாதீங்க!"

"யாரு வெட்டுறா? தலையை மட்டும் எடுத்துட்டு மர்ரோனே ஒட்டுக் கட்டப் போறேன். பாதாள அறையில ஈர மணல்ல குச்சியெல்லாம் தயாரா இருக்கு."

அறுபத்தோரு வயதில் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான் என்றால் அதற்குக் காரணம் ஊர்ச் சங்கம். பியெவெநேரா மலைக்கிராமத்தில் மர்ரோனே என்றால் உயிர். சுட்டுத் தின்னும் பெரிய, மினுமினுக்கும் கஷ்கொட்டை. உள்தோல் ஒரே இழுப்பில் கழன்று வரும். ஒரு மர்ரோனே மரமாவது சொந்தமாக வைத்திருப்பவனே சங்க உறுப்பினர் என்பது விதி. எவாரிஸ்தோவிடம் இருந்ததோ, இடிந்த கோழிக்கூட்டுக்குப் பின்னால் தானாக முளைத்த ஒரு காட்டுமரம். அதன் காய் கட்டைவிரல் நகம் அளவுதான். காட்டுப்பன்றிகள் தின்னும், அதுவும் வேறு வழியில்லாமல். பதினொரு முறை விண்ணப்பித்தான், பதினொரு முறையும் தள்ளிவிட்டார்கள். நவம்பரில் சங்க விருந்து நடக்கும்போது ஊரே மண்டபத்தில் இருக்கும். அவன் மட்டும் வீட்டில் தனியாக சூப் குடிப்பான். அவனுக்கு வேண்டியது கஷ்கொட்டை அல்ல, அந்த மேசையில் ஒரு நாற்காலி.

சங்கமோ பதினைந்து வருடமாக மலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கண்ணில் பட்ட காட்டுமரத்தையெல்லாம் ஒன்று வெட்டினார்கள், இல்லையென்றால் ஒட்டுக் கட்டி மர்ரோனே ஆக்கினார்கள். மிச்சம் இருந்தது எவாரிஸ்தோவின் மரம் ஒன்றுதான். "ஊர் மானத்தை வாங்குதுடா உன் மரம்" என்று தலைவர் ஃபோஸ்கோ பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

போன வருடம் ஆராய்ச்சிக்காக வந்த நீவெஸ் எல்லா மரத்திலும் இலை பறித்தாள், எல்லாத் தோப்பிலும் காய் பொறுக்கினாள். ஒவ்வொரு காய்க்கும் தகப்பன் யார் என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னாள். ஊர் சிரித்தது. "எங்க மர்ரோனேக்கு ஆம்பளைத் துணை எதுக்கு? அது பாட்டுக்குக் காய்க்கும்" என்றார் ஃபோஸ்கோ. பங்குச் சாமியிடம் கேட்டார்கள். தகப்பன் இல்லாமல் பிறந்ததாகத் தனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் என்று சொல்லி அவர் மீதி ஒயினைக் குடித்து முடித்தார்.

நீவெஸ் மேடேறி வந்து தடுத்த அன்று சாயங்காலமே மண்டபத்தில் கூட்டம். எவாரிஸ்தோ உறுப்பினர் இல்லை என்பதால் வாசற்படியில் நின்றான். நீவெஸ் காகிதத்தைப் பிரித்தாள்.

"மர்ரோனே பூவுல மகரந்தமே கிடையாது. நூறு காய்ல தொண்ணூத்தி நாலுக்கு அப்பா, எவாரிஸ்தோ அய்யாவோட மரம். மீதி ஆறுக்கு, போன குளிர்காலத்துல நீங்க வெட்டித் தள்ளின காட்டுமரங்க."

ஒயின் குவளைகள் மேசைக்கு இறங்கின.

"என் தோப்புலயுமா?" என்று ஒருவர் ஈனசுரத்தில் கேட்டார்.

"உங்க தோப்புல தொண்ணூத்தி ஏழு."

"என் தோப்பு ஓடைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு!" என்று ஆர்ஜியா எழுந்துவிட்டாள்.

"காத்தடிக்குமேம்மா."

ஆர்ஜியா முகம் சிவந்து உட்கார்ந்தாள். அவள் கணவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். மடத்தனத்துக்கும் ஒரு அளவு உண்டு!

"டேய் எவாரிஸ்தோ, அந்த மரத்துல கை வைக்காதே" என்றார் ஃபோஸ்கோ. அவர் குரல் இவ்வளவு பணிவாக இருந்து யாரும் கேட்டதில்லை.

"வைக்கல. என்னைச் சங்கத்துல சேத்துக்கோ."

"உன்கிட்ட மர்ரோனே மரம் இல்லையே. விதி இருக்குல்ல?"

மூன்று மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம்: ஊருக்குச் செய்த சேவைக்காக மரத்தைக் கௌரவ உறுப்பினராகச் சேர்ப்பது. விருந்தில் அதற்கு ஒரு நாற்காலி. மரத்தால் நடந்து வர முடியாது என்பதால் ஒரு பிரதிநிதி. பிரதிநிதி உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதால் அந்தச் சுமையை ஃபோஸ்கோவே ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்ப நானு?"

"உனக்கும் பெருமைதானேடா!"

"இவரைச் சேத்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோயிடும் உங்களுக்கு?" என்று நீவெஸ் கத்தினாள்.

"டாக்டரம்மா, நீங்க மரத்தைப் பத்தி மட்டும் பேசுங்க."

மறுநாள் காலை எவாரிஸ்தோ ஏணியில் ஏறினான். நீவெஸ் கீழே நின்று கெஞ்சினாள்.

"இந்த வருஷம் ஊர்ல ஒண்ணுமே காய்க்காது, தெரியுமா?"

"காய்க்கணும்னு விதியில எழுதல டாக்டரம்மா. மரம் இருக்கணும்னுதான் எழுதியிருக்கு."

கிளைகள் விழுந்தன. அவன் அழுதுகொண்டேதான் அறுத்தான். ஆனால் கை நிற்கவில்லை. தகப்பனை எடுத்துவிட்டால் தோப்புக்கு என்ன ஆகும் என்று எந்த ஆராய்ச்சியாளருக்கும் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைக்காது; இங்கே அது கண்முன்னே நடந்தது. நீவெஸ் வெட்கத்தோடு தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.

ஒட்டு நன்றாகப் பிடித்தது. ஜூனில் மலை முழுக்கப் பூ, மகரந்தம்தான் இல்லை. அக்டோபரில் முள்ளுறைகளைப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே தட்டையான வெறுந்தோல்தான். ஃபோஸ்கோ ஒரு நாள் முழுக்கப் பிளந்துகொண்டே இருந்தாராம், எங்காவது ஒன்று இருக்கும் என்று.

நவம்பரில் சங்கம் கூடியது. எவாரிஸ்தோவிடம் இப்போது மர்ரோனே மரம் இருந்தது. சேர்க்காமல் இருக்க விதியில் இடமில்லை. அந்த மரம் இனி யாருக்கும் தகப்பன் இல்லை என்பதால் அதன் கௌரவ உறுப்பினர் பதவி அன்றே ரத்தானது. காலியான நாற்காலியை எவாரிஸ்தோவுக்குக் கொடுத்தார்கள்.

விருந்தில் கஷ்கொட்டைக்குப் பதிலாக அவித்த பீன்ஸ் பரிமாறினார்கள். எவாரிஸ்தோ முதுகை நிமிர்த்தி, சட்டைக் கழுத்துப் பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஃபோஸ்கோ.

"இப்ப சந்தோஷமாடா?"

எவாரிஸ்தோ யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சந்தோஷமாத்தான் இருக்கு" என்றான்.

ஃபோஸ்கோ தட்டில் இருந்து ஒரு பீன்ஸை எடுத்து நகத்தால் பிளந்தார்.

"விதியை மாத்தியிருக்கலாம்" என்றார். "ஒரு வரிதான்."

"ஆமா. ஒரு வரிதான்."

ஃபோஸ்கோ ஒயின் ஜாடியை எடுத்து, முதலில் எவாரிஸ்தோவின் குவளையில் ஊற்றினார்.