மனம் மாறிய மின்விசிறி

ஒன்பதாம் வகுப்பில் ஆறு வருடமாக ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்த மின்விசிறி, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், ஒரு கட்டுரையைக் கேட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. சுவிட்சை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பயனில்லை, அதன் ஒயரை எலி எப்போதோ தின்று தீர்த்துவிட்டது.

கட்டுரை எழுதச் சொன்னவர் காரணம் சார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, நமக்கெதற்கு? "லேட்டுக்குக் காரணம் என்ன? அந்தக் காரணத்துக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டுக் கேட்டே வாங்கிய பட்டம் இது. அன்றைக்கு அவர் மனைவி வீட்டைவிட்டுப் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. மனுஷன் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தார்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். "மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கிறேனே" என்று கேட்டார். சார் ஏழு காரணம் சொன்னார். சாரல் அடிக்கும், துரு ஏறும், நடைவழி குறுகும் என்று அடுக்கி, டேப்பை வைத்து அளந்தும் காட்டினார். ஜன்னலோரம் தன்னுடைய சாய்வு நாற்காலி கிடப்பதை மட்டும் சொல்லவில்லை. "நீங்க சொல்றது எல்லாம் சரிதான்" என்றார் அந்த அம்மா. பையை எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி வகுப்புக்கு வருவோம். பிறரை இணங்க வைக்கும் கட்டுரைக்கு சாரிடம் ஐந்து உத்திகள் உண்டு. கருத்தைப் பளிச்சென்று சொல், காரணம் காட்டு, ஆதாரம் கொடு, எதிர்த்தரப்பின் நியாயத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல், கடைசியில் என்ன வேண்டுமென்று கேள். ஆதாரத்துக்கு வந்ததும் சாருக்கு உற்சாகம் கரைபுரண்டுவிடும். மூன்று நாள் அதிலேயே ஓடும். நாலாவது உத்திக்கு வாயைத் திறக்கும்போது மணி அடித்துவிடும். "அதை வீட்டுல படிச்சுக்கோங்க" என்பார். இருபத்து மூன்று வருடமாக யாரும் படித்ததில்லை. இந்த வருடம் ஒருத்தி படித்துத் தொலைத்துவிட்டாள்.

பயிற்சிக்கு மின்விசிறியைத் தேர்ந்தெடுத்ததும் சார்தான். "காதே இல்லாததை இணங்க வச்சுட்டா, காது இருக்கிற மனுஷன் எம்மாத்திரம்?" பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, அண்ணாந்து பார்த்து வாசித்தார்கள். ஒருவன் வெயிலின் அளவைப் புள்ளிவிவரத்தோடு சொன்னான். இன்னொருத்தி வியர்வை பட்டு மை கலைந்த நோட்டையே தூக்கிக் காட்டினாள். மின்விசிறி மசியவில்லை. கடைசியில் மூன்றாவது பெஞ்சில் கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள்.

"நீங்க நின்னதுல தப்பே இல்ல. உங்க மேல காகிதத்தைச் சுருட்டி எறிஞ்சோம். தட்டாமாலை சுத்தக்கூடத் தெரியாதான்னு கிண்டல் பண்ணினோம். ஏன் நின்னீங்கன்னு ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட கேக்கல. எங்களுக்கு வேர்க்குது, எங்களுக்கு வேர்க்குதுன்னுதான் புலம்பினோம். முடிஞ்சா கொஞ்சம் சுத்துங்க."

மேலே ஒரு முனகல் கேட்டது. ஆறு வருடத் தூசி அத்தனையும் சாரின் தலையில் கொட்ட, மின்விசிறி சுற்றியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? அலுவலகத்திலிருந்து ஓடாத ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கி வந்தார்கள். தலைமையாசிரியர் தன் மேஜையின் திறக்காத இழுப்பறையோடு வரிசையில் நின்றார். அடுத்த தெருக்காரர் கிளம்பாத ஸ்கூட்டரையே மாடியிலிருந்த வகுப்புக்கு ஏற்றிவிட்டார். அதற்கு இரண்டு பக்கக் கட்டுரை தேவைப்பட்டது. பொழப்பு போகிறதே என்று எலக்ட்ரீஷியன் சண்டைக்கு வந்தார். "எழுத்துல குடுங்க, மூணு காரணம் வேணும்" என்றார்கள் பிள்ளைகள். அவரும் உட்கார்ந்து எழுதினார். பத்துக்கு ஆறு போட்டு அனுப்பினார்கள். மின்விசிறியை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. சனி, ஞாயிறில் ஓய்வெடுக்கச் சொல்லி அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது.

ஊரே மெச்சியது. சாருக்கோ வயிறு எரிந்தது. அவரும் மனைவிக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். ஐந்து காரணம், ஒன்பது ஆதாரம், ஏற வேண்டிய பஸ்ஸின் நேரம் உட்பட எல்லாம் இருந்தது. அந்த அம்மா போன் செய்தார். "படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்கீங்க." அவ்வளவுதான். பஸ் வந்தது, அவர் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் அந்தக் கடிதத்தின் நகலை வகுப்பிலேயே வாசித்தார். "யாரோ ஒரு கணவர் எழுதினது. குறை இருந்தா சொல்லுங்க" என்றார். யாருடையது என்று முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாவம் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"பத்துக்கு மூணு சார்" என்றாள் கண்ணாடிக்காரி.

"மூணா? ஒன்பது ஆதாரம் இருக்கேம்மா!"

"ஆதாரத்துக்குத்தான் சார் அந்த மூணு. அவங்க என்ன சொல்றாங்கன்னு இதுல ஒரு வரிகூட இல்லையே. நாலாவது உத்தி எங்க சார்?"

"சரி, எழுதிடுறேன்" என்று சார் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். 'மனைவி தரப்பு' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இட்டார். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடத்தில் தான் சொன்ன பதில்கள் அத்தனையும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தன. அவள் என்ன சொன்னாள் என்பதுதான் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மணி அடித்ததும் தலைப்பை அழிக்காமலே கிளம்பினார்.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டோடு மனைவியின் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இன்னும் ஏதாவது காரணம் மிச்சம் இருக்கா?" என்றார் மனைவி, கையிலிருந்த துணியைத் தைத்தபடியே.

"இல்ல. உன் பக்கத்தை எழுதணும். எனக்குத் தெரியல. நீ சொல்லு."

அந்த அம்மா ஊசியை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தார். சார் மறுத்த பயணம், ஒரு தடவைகூட பாதி வாக்கியத்துக்கு மேல் பேச விடாதது, துணி தைக்க வெளிச்சம் போதாமல் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்த மத்தியானங்கள் எல்லாம் வந்தன. நடுவில் ஒரு வருடத்தைத் தவறாகச் சொன்னார். சாருக்கு நாக்கு துறுதுறுத்தது. பற்களால் அதைக் கடித்துக்கொண்டு, மனைவி சொன்ன வருடத்தையே எழுதினார். அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே சாப்பிடப் போனார். மூன்று மணிக்கு நோட்டு தீர்ந்தது.

"பதில் ஒண்ணும் சொல்லலையா?" என்றார் மனைவி.

"நீ இன்னும் முடிக்கலையே."

அந்த அம்மாவுக்குச் சட்டென்று அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ப் பையோடு வந்தார்.

"பாதிகூட ஆகல. மிச்சத்தை நம்ம வீட்டுல வந்து சொல்றேன். ஆதாரமெல்லாம் அங்கதான் இருக்கு."